மிதவையா, கயிறா, குழாய் வலையா? பாக் விரிகுடாவில் பாசி வளர்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தின் வடகரையில், முனைக்காடு, தோணித்துறை, தங்கச்சிமடம் பக்கம் கடல்பாசி வளர்க்கலாம் என்று ஒரு மகளிர் குழு உட்கார்ந்து பேசினால் முதலில் எழும் கேள்வி, “எந்த முறையில் விளைச்சல் அதிகம்?” என்பதுதான். அந்தக் கேள்வியோடு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாடைக் காற்றோடு நின்றுபோகிறார்கள். கேட்க வேண்டியது வேறு: வாடை முடிந்து கடல் அமைதியாகும்போது நம் கையில் விதை, அதாவது மறுபடி நடுவதற்கான உயிர்ப்பாசித் துண்டு, இருக்குமா? விதையை உயிரோடு வைத்திருக்கும் முறைதான் அந்தக் கரைக்கு ஏற்ற முறை. விளைச்சல், மானியம், விலை எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இப்போது இந்தக் கரையில் உள்ள வழிகள் ஐந்து. கூழ்ப்பொருள் எடுக்கப் பயன்படும் கப்பாஃபைகஸ் என்ற பாசியை மூங்கில் மிதவையில் வளர்ப்பது, கம்பு நட்டுக் கயிற்றில் வளர்ப்பது, குழாய் வலையில் வளர்ப்பது, நம் கடலுக்கே உரிய கஞ்சிப்பாசியை வளர்ப்பது, மீன் கூண்டைச் சுற்றிப் பாசி மிதவை கட்டுவது. வளர்ப்பே வேண்டாம், இத்தனை நாள் செய்ததுபோல் பாறையில் விளைவதைப் பறித்து விற்போம் என்பது ஆறாவது. அதுவும் மதிப்பான வழிதான்.

கப்பாஃபைகஸ் இங்கே பிறந்த பாசி அல்ல. மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளின் நடுவில் கொண்டுவந்து, மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000வாக்கில் பெப்சி நிறுவனம் உரிமம் பெற்று வணிகமாக்கியதால் இன்றும் பல ஊர்களில் அதற்குப் ‘பெப்சி பாசி’ என்றே பெயர். 2001இல் 21 டன் உலர்பாசி என்ற அளவில் தொடங்கி, 2012-13இல் ஏறத்தாழ 1,490 டன் வரை போனது. அதன்பின் கடல் வெப்பம் ஏறிப் பாசி கூட்டம் கூட்டமாக வெளுத்து அழுகியது. பல குடும்பங்கள் மிதவையைக் கரையில் ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போயின. எல்லாருடைய விதையும் வெட்டி வெட்டிப் பெருக்கிய ஒரே தாய்ப்பாசி வழி வந்தது. ஒன்றைத் தாக்கியது எல்லாவற்றையும் தாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது திசு வளர்ப்பு நாற்றுகள் வந்திருக்கின்றன. கிடைக்கும் இடத்தில் பழைய விதையோடு கொஞ்சம் அதையும் கலந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூங்கில் மிதவை: கணக்கு எங்கே திரும்புகிறது?

ஒரு மிதவை 12 அடிக்கு 12 அடி. மூன்று, நான்கு அங்குலக் கனமுள்ள மூங்கில் நான்கு. நான்கு மூலைகளிலும் 4 அடிக் குறுக்குக் கட்டை. இந்தக் குறுக்குக் கட்டை இல்லாத மிதவை முதல் அலையிலேயே சதுரம் மாறிச் சாய்ந்துவிடும்; கயிறுகள் தொய்ந்து ஒன்றோடொன்று உரசிப் பாசி முறியும். அதன் மேல் 20 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதை. மொத்தம் 60 கிலோ. அடியில் பழைய மீன்வலையை விரித்துக் கட்ட வேண்டும். முறிந்து விழும் துண்டு கடலுக்குப் போகாமல் தடுப்பது அந்த வலை. கீழிருந்து வந்து கடிக்கும் ஓரா மீனைத் தடுப்பதும் அதுதான். பத்து மிதவையை ஒரு தொடராகப் பிணைத்து 15 கிலோ நங்கூரம் இடுவார்கள். தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்திலும் அடிவலை தரையில் படக்கூடாது. பட்டால் சேறு ஏறும், சேறு ஏறிய பாசி அழுகும்.

நட்ட 45ஆம் நாள் அறுவடை. ஒருவர் நாளைக்கு ஒரு மிதவை என்று 45 மிதவை கட்டினால், 46ஆம் நாளிலிருந்து தினம் ஒன்றை அறுத்து, அன்றே அதில் மறுநடவு செய்யலாம். நல்ல கடலில் ஒரு மிதவை 240 கிலோ பச்சைப் பாசி தரும். அதில் 60 கிலோவை விதைக்கு எடுத்துவிட்டால் மிச்சம் 180. பத்துக்கு ஒன்று என்று காய்ந்தால் 18 கிலோ. உலர்பாசி கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் வாங்குகிறவர் சொல்லும் விலையை இங்கே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மிதவைக்கு 1,080 ரூபாய். 45 மிதவைக்கு ஒரு சுற்றில் 48,600. பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை நான்கு சுற்று என்றால் 1,94,400.

இந்தத் தொகையைக் காட்டித்தான் பல இடங்களில் பயிற்சி வகுப்பு முடிகிறது. மீதிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். விளைச்சல் 240இலிருந்து 150 கிலோவாகக் குறைந்தால் என்ன ஆகும்? விதைக்கு எடுக்கும் 60 கிலோ குறைவதில்லை. விற்க மிஞ்சுவது 90 கிலோ, காய்ந்தால் 9 கிலோ, 540 ரூபாய். விளைச்சல் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்று அதிகமாகக் குறைந்தது, வருமானமோ சரிபாதியாகிவிட்டது. 110 கிலோவுக்கு இறங்கினால் ஒரு மிதவைக்கு 300 ரூபாய்தான். அந்த மாதம் எவருக்கும் கடலில் இறங்க மனம் வராது. வராதபோது செய்கிற தவறு, விதைக்கு வைத்ததையும் காயப்போட்டு விற்பது. அடுத்த சுற்று அங்கேயே முடிந்துபோகிறது.

மிதவையின் பலம், பாக் விரிகுடா அமைதியாக இருக்கும் மாதங்களில் இதைப்போல் சீராக வளர்க்கும் முறை வேறில்லை என்பது. பலவீனம் வாடை. அக்டோபர் கடைசியில் காற்று திரும்பியதும் வடகரையில் அலை நேராக வந்து அடிக்கும். மூங்கில் கட்டு அவிழும், நங்கூரக் கயிறு அறும், மிதவைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கரையில் குவியும். ஆகவே அக்டோபர் நடுவிலேயே பெரும்பகுதியை அறுத்து மூங்கிலைக் கரை சேர்த்துவிட வேண்டும். இன்னொரு சுற்று பார்த்துவிடலாம் என்ற ஆசையில் மூங்கில், கயிறு, விதை மூன்றும் சேர்ந்து போன குடும்பங்கள் உண்டு.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு மிதவைக்கு அலகுச் செலவு 1,500 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 40. 45 மிதவைக்கு 67,500 ரூபாய். பெண் பயனாளியின் பங்கு 27,000. பணம் எப்போது கைக்கு வரும், முன்னதாகவா, கட்டி முடித்த பிறகா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மூங்கிலுக்கு முன்பணம் கொடுங்கள். வட்டிக்கு வாங்கி மானியத்துக்குக் காத்திருந்தால் முதல் சுற்றின் லாபம் வட்டிக்கே போய்விடும்.

கயிற்று முறை

சவுக்குக் கம்புகளை வரிசையாகத் தரையில் ஊன்றி, அவற்றுக்கிடையே விதை கட்டிய கயிறுகளை இழுத்துக் கட்டுவது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே வேலை செய்யலாம். வத்தை எனும் சிறு படகு வேண்டாம், ஆண் துணை வேண்டாம். கடலுக்குள் போகத் தயங்கும் வயதான பெண்களுக்கும் இது கைகொடுக்கும். மூங்கில் சட்டம் இல்லாததால் அலை அதைப் பிய்த்து எறிவதும் குறைவு. ஒரு கயிறு அறுந்தால் அந்தக் கயிற்றில் உள்ளதுதான் போகும்.

ஆனால் அடியில் வலை இல்லை. ஓரா மீன் கூட்டம் வந்தால் இரண்டு நாளில் குருத்தையெல்லாம் கடித்துவிட்டுத் தண்டை மட்டும் விட்டுவைக்கும். கடித்த நுனியில் பழுப்பு நிறத் தழும்பு தெரியும். நோயால் வெளுத்த நுனியில் அப்படித் தழும்பு இருக்காது. இரண்டையும் பிரித்தறியத் தெரிய வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு. மீன் கடிக்குச் சுற்றிலும் வலை கட்டலாம். வெளுப்புக்கு அந்தக் கயிற்றையே எடுத்துவிட வேண்டும். முறிந்து விழும் பாசியும் இந்த முறையில் கடலுக்கே போகிறது. அது நஷ்டம் மட்டுமல்ல, அயல் பாசி என்பதால் ஆபத்தும்கூட.

கம்பு ஊன்றும் இடத்தைத் தேர்வதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கடல் தாழை என்ற கடற்புல் அடர்ந்து வளர்ந்த தரையில் ஊன்றாதீர்கள். மிதவையையும் அதன்மேல் நிறுத்தாதீர்கள். வெயில் மறைந்தால் தாழை சாகும். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்குவது அதில்தான். ஆவுளியா என்ற கடற்பசுவுக்கும் அதுவே உணவு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசு பாதுகாப்பகமாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. பாசி வளர்ப்பு விரியக்கூடிய பாக் விரிகுடாவின் வடபகுதியில்தான் அதுவும் இருக்கிறது. தாழை அழிந்தால், அதே வீட்டு ஆண்கள் நண்டு வலையில் இழப்பது, பெண்கள் பாசியில் சம்பாதிப்பதை விட அதிகமாக இருக்கும். தாழை இல்லாத மணல் திட்டுகளைப் பழைய நண்டு வலைக்காரர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டுவிட்டு இடம் குறியுங்கள்.

குழாய் வலை

இது குஜராத் கரையில் அலையும் நீரோட்டமும் மிகுந்த இடங்களில் நன்றாகப் பிடித்த முறை. ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்குக் குறைவான குழாய் வடிவ வலை, 25 மீட்டர் நீளம். அதைவிடச் சற்று ஒடுக்கமான பிவிசி குழாய்மேல் வலை முழுவதையும் சுருக்கி ஏற்றி, நுனியை முடிச்சுப் போட்டு, குழாய் வாய் வழியாக விதையைத் தள்ளிக்கொண்டே வலையை இழுத்துவிட வேண்டும். முடிச்சுப் போடும் வேலை முழுக்க மிச்சம். நானூறு முடிச்சு போட்டுக் கை விரல் வெடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாசி வலைக்குள்ளேயே இருப்பதால் அலையில் முறிந்தாலும் வெளியே போவது குறைவு.

பாக் விரிகுடாவின் குணம் வேறு. இங்கே அலை குறைவான மாதங்களில் சேறு மிதக்கும். சேறு வலைக் கண்ணியில் படியும், அதன்மேல் மயிர்போன்ற ஒட்டுப்பாசி ஏறும். வெயில் உள்ளே போகாமல் நடுவில் இருக்கும் விதை வெளுத்துக் குழைந்துவிடும். மேலே பார்க்கப் பச்சையாக இருக்கும். பிளந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயையும் தண்ணீருக்குள்ளேயே உதறிவிட வேண்டும். விதையை இறுக்கி அடைப்பது இங்கே செய்யக்கூடாத வேலை. அறுவடையும் கனம்: 25 மீட்டர் வலையைப் பாசியோடு தூக்க வத்தையும் மூன்று நான்கு பேரும் வேண்டும். மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கயிற்று முறைக்கும் இதற்கும் அலகுச் செலவு 8,000 ரூபாய்.

எங்கள் கருத்தில், மண்டபம் வடகரையில் முழுத் தோட்டத்தையும் குழாய் வலையில் போடுவது சரிவராது. விதை காக்க என்றால் இது நல்ல கருவி. வாடை மாதங்களில், முனையோ திட்டோ அலையை மறைக்கும் இடத்தில், கொஞ்சம் ஆழத்தில் தொங்கவிட்ட குழாய் வலை, மேலே மிதக்கும் மூங்கில் சட்டத்தைவிட அலையைத் தாங்கும்.

விதையின் கணக்கு

45 மிதவைக்கு 2,700 கிலோ விதை வேண்டும். பிப்ரவரியில் எல்லா ஊரும் ஒரே வாரத்தில் விதை தேடும். கிலோ 10 ரூபாய் என்றே வைத்தாலும் 27,000 ரூபாய் ஆகும். பணம் இருந்தாலும் நல்ல விதை கிடைக்காத ஆண்டுகள் வருகின்றன. அந்த நேரத்தில் கிடைப்பது முதிர்ந்து தண்டு தடித்த, வளர்ச்சி மந்தமான விதை.

நான்கு மிதவை விதையை மட்டும் காப்பாற்றியிருந்தால்? 45 நாளில் அவை 960 கிலோவாகும்; அது 16 மிதவைக்குப் போதும். 45 மிதவைக்கும் விதை தேற இன்னொரு சுற்று ஆகும். ஆக 90 நாள் போய்விட்டது. நான்கு சுற்றில் இரண்டு ஏறக்குறைய வீண். பன்னிரண்டு மிதவை அளவுக்கு, அதாவது 720 கிலோ விதையை டிசம்பர் கடைசியில் உயிரோடு வைத்திருந்தால், நல்ல வளர்ச்சியில் 2,880 கிலோவாகும். பிப்ரவரியில் முழுத் தோட்டமும் போடலாம். வளர்ச்சி மந்தப்பட்டு மிதவைக்கு 150 கிலோதான் என்றாலும் 1,800 கிலோ தேறும். 30 மிதவைக்கு அது போதும். ஆகவே தனியாள் தோட்டத்தில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு மிதவை விதை என்பதைக் கட்டாயச் செலவாகவே பாருங்கள். ஐந்து பேர் குழுவென்றால் விதையை இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். ஒரே குடாவில் வைத்தால் ஒரே இரவில் போகும்.

விதைக்கு எடுப்பது நட்ட 25-30 நாளான இளங்குருத்து. வளைத்தால் சட்டென ஒடிய வேண்டும், துவண்டால் ஆகாது. வெள்ளைப் புள்ளி, ஒட்டுப்பாசி இருக்கும் தண்டை ஒதுக்குங்கள். மழுங்கிய கத்தியால் வெட்டினால் வெட்டுவாய் நசுங்கி அங்கேயே அழுகல் தொடங்கும். வெட்டியதை நனைந்த சாக்கில் மூடி நிழலில் வைத்து, வெயில் ஏறும் முன் நட்டுவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களிலும், கனமழைக்குப் பின் ஓடை வாய்களில் உப்பு இறங்கும்போதும் தண்டு வெளுப்பு வரும். அப்போது கயிற்றை ஓரடி ஆழமாக இறக்குவதும், வெளுத்ததை வெட்டிக் கரைக்குக் கொண்டுபோய்க் காயவைப்பதும்தான் செய்யக்கூடியவை. வெளுத்த துண்டைக் கடலிலேயே வீசினால் அடுத்த மிதவைக்குப் போய்ச் சேரும்.

தென்கரை என்றால் கப்பாஃபைகஸ் வேண்டாம்

தென்கரையில், அதாவது மாவட்டத்தின் மன்னார் வளைகுடாப் பக்கம், கப்பாஃபைகஸை வளர்க்கக்கூடாது. 2005 டிசம்பரில் வந்த தமிழக அரசாணை, பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் இந்த அயல் பாசிக்கு இடம் தந்தது. அதற்கான காரணத்தைக் கடல் காட்டியது: 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் கப்பாஃபைகஸ் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பாசி மூடிய பவளம் வெயில் இன்றிச் சாகிறது. குருசடை உள்ளிட்ட 21 தீவுகளைக் கொண்ட அந்தப் பகுதி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பவளப்பாறை போனால் பாறைமீனும் சிங்கி இறாலும் அதோடு போகும். “எல்லாரும் போடுகிறார்கள்” என்று யாராவது விதை கொண்டுவந்து கொடுத்தாலும் தென்கரைக் குழுக்கள் வாங்க வேண்டாம்.

அங்கே பொருந்துவது கஞ்சிப்பாசி. நம் கடலின் பாசி, பரவினாலும் அயலானது அல்ல. அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்கப் பயன்படும். இதையும் மிதவையிலும் கயிற்றிலும் வளர்க்கலாம். வளர்ச்சி கப்பாஃபைகஸை விட மெதுவானது. தண்டு மெல்லியது, அலையில் எளிதில் முறியும், ஓரா மீனுக்கும் பிடித்தமானது. ஆகவே ஒரு மிதவைக்கான வருமானம் குறைவு என்று தெரிந்தே இதில் இறங்க வேண்டும். பூங்கா எல்லைக்குள் எந்த வளர்ப்புக்கும் இடமில்லை என்பதால் வனத்துறையிடம் எல்லையைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு பெரிய சாதகமும் உண்டு. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அமைதி. சோழகம் என்ற தென்காற்று வீசும்போது நேர்மாறு. பாம்பன் தீவில் இரண்டு கடலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. நாட்டுப்படகுக்காரர்கள் காலங்காலமாகக் காற்றுக்கேற்ப இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாறுகிறார்கள். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வடகடலில் கப்பாஃபைகஸ், நவம்பர் முதல் ஜனவரி வரை தென்கடலில் பூங்கா எல்லைக்கு வெளியே கஞ்சிப்பாசி என்று பிரித்துக்கொள்ளும் வாய்ப்பு அந்தத் தீவுப் பெண்களுக்கு உண்டு. கருவிகளை மாற்றும்போது கயிற்றையும் வலையையும் நன்னீரில் அலசி வெயிலில் முழுக்கக் காயவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கயிற்று முறுக்கில் சிக்கிய ஒரு துண்டு கப்பாஃபைகஸ் போதும், தென்கடலில் முளைக்க.

மீன் கூண்டோடு சேர்த்து

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முனைக்காட்டில் செய்து காட்டிய முறை இது. 6 மீட்டர் விட்டமுள்ள கூண்டில் கடல் விரால் வளர்த்து, அதைச் சுற்றி 15 அடி தள்ளி 16 பாசி மிதவைகளை அரைவட்டமாகக் கட்டுவார்கள். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் கரைந்து தண்ணீரில் சேரும் சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். அதே 60 கிலோ விதைக்கு ஒரு மிதவை 320 கிலோ வரை தந்திருக்கிறது.

பாசிக் கணக்கு அழகாக இருக்கிறது. மீன் கணக்கு பெரிய முதலீட்டுக் கணக்கு. கடல் விரால் ஏழெட்டு மாதத்தில் 3 கிலோ வரும். ஒரு கிலோ வளர ஐந்தாறு கிலோ சாளை தின்னும். 500 மீன் பிழைத்து 1,500 கிலோ எடுத்தாலும் எட்டு, ஒன்பது டன் சாளை போட வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது சாளை விலை ஏறும், சில நாள் கிடைக்கவே கிடைக்காது. பட்டினி கிடக்கும் மீன் ஒன்றையொன்று கடிக்கும். அந்தத் தீனிக்காக விசைப்படகுகள் குஞ்சு மீனை வாரினால், கடலைக் காக்கிறோம் என்று சொல்வதிலும் பொருள் இல்லை. கூண்டின் அடிவலைக்குக் கீழே தண்ணீர் ஓட ஆழமும் வேண்டும். பாக் விரிகுடாவின் கரையோரம் பல இடங்களில் அந்த ஆழம் கிடையாது. எனவே பாசிக்காகக் கூண்டு போடாதீர்கள். ஊரில் ஏற்கனவே கூண்டு வைத்திருப்பவர் இருந்தால் அவரோடு பேசி, அதைச் சுற்றி உங்கள் மிதவைகளில் 16ஐக் கட்டுங்கள். அவருக்குத் தண்ணீர் சுத்தமாகும், உங்களுக்கு எடை கூடும்.

பறிப்பு

சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் தொழில். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பகோடாப் பாசி என்று பெயர் சொல்லிப் பிரித்தறிவார்கள். கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, காலில் செருப்பு அல்லது தகடு, இடுப்பில் வலைப்பை: இவ்வளவுதான் முதலீடு. அன்றைக்குப் பறித்தது அந்த வாரமே காசாகும். வேறெந்த முறையிலும் இது கிடையாது.

இந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரம்பு, பாசி வளர்ப்பு பற்றிப் பேசும் எந்தத் திட்டத்துக்கும் பாடமாகும்: அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் 12 நாள்தான் கடல். அந்த நாள்களில்தான் நீர் நன்றாக வற்றும். மற்ற நாள் பாசிக்கு ஓய்வு. இரும்புத் தகட்டால் சுரண்டாமல் கையால் பறிப்பதும் அவர்கள் வகுத்ததுதான். வேர்ப்பிடிப்போடு பிய்த்தால் அந்தப் பாறையில் மறுபடி முளைக்காது. பிடிப்பை விட்டுவைத்தால் அதிலிருந்தே தழைக்கும். சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் பெண்களுக்கு வழிகாட்டி நின்றதற்காகத்தான். பூங்கா எல்லைக்குள் இறங்கக்கூடாது என்ற விதி அவர்களுடைய பழைய பறிப்பிடங்களைச் சுருக்கியது; அந்த வலி இன்னும் தீரவில்லை. வளர்ப்புத் திட்டம் கொண்டுவருகிறவர்கள் இந்தப் பெண்களை முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

வளர்க்கத் தொடங்கினாலும் பறிப்பை விடாதீர்கள். முதல் 45 நாள் தோட்டத்தில் வருமானம் இல்லை. பறிப்பு நாள் 12, தோட்ட நாள் 18 என்று மாதத்தைப் பிரித்தால் அந்த 45 நாளைக் கடன் வாங்காமல் கடக்கலாம். அப்படிச் செய்பவர்கள் 45 மிதவைக்குப் பதில் 25, 30 என்று தொடங்கட்டும்.

ஆக, எதை எடுப்பது?

மண்டபம், தங்கச்சிமடம் வடகரையில், ஒரு வத்தை கைவசமுள்ள குழு: மூங்கில் மிதவை, ஆளுக்கு 30, விதை காக்கக் குழாய் வலை. வத்தை இல்லை, தாழை இல்லாத மணல் தரை, இடுப்பளவு நீர்: சுற்றுவலையோடு கயிற்று முறை. அலை மோதும் திறந்த கரை: முதலில் ஐந்து குழாய் வலையில் ஒரு சுற்று பார்த்துவிட்டு மேலே போங்கள். தென்கரை: கஞ்சிப்பாசியும் பறிப்பும். தாழை அடர்ந்த இடத்தில் மட்டுமே இடம் கிடைத்தால் இந்த ஆண்டு தொடங்காமல் விடுவதே நல்லது.

எந்த முறையானாலும் முதல் செலவு காயப்போடும் பரணுக்கு. சவுக்குக் கம்பில் இடுப்புயரச் சட்டம், அதன்மேல் வலை. மணலில் காயப்போட்ட பாசியில் மணலும் சிப்பியும் ஒட்டும். எடை போடும் இடத்தில் அதற்கென்று கழிக்கும் கிலோ, பெரும்பாலும் இருக்கும் மணலை விட அதிகம். பரணில் இரண்டு மூன்று நாள் வெயில், இடையில் நான்கைந்து முறை புரட்டல், இரவில் பனி படாமல் தார்ப்பாய். காயும்போது மழைநீர் பட்டால் பாசி வெளுத்துக் கூழ் எடுக்கும் தன்மை குறையும். அந்தச் சரக்கைத் தனியாக வையுங்கள், நல்லதோடு கலந்தால் முழுச் சாக்கும் கழிக்கப்படும். ஈரம் 35 விழுக்காடு அளவில் இருக்கும்போது விற்பது வழக்கம். அதைவிட அதிகம் காய்ந்தால் எடை உங்கள் நஷ்டம். குறைவாகக் காய்ந்தால் சாக்குக்குள் சூடேறிக் கெடும்.

வாங்குகிறவரிடம் விதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டியவை நான்கு. பச்சையாகக் கொடுத்தால் கிலோ என்ன விலை? சாறு பிழிந்து பயிர்த் தெளிப்பாக விற்கும் நிறுவனங்கள் பச்சையாகவே எடுக்கின்றன. மழை நாளில் அது உங்களைக் காப்பாற்றும். ஈரத்தை எந்தக் கருவியில், யார் முன்னால் அளப்பார்கள்? மணலுக்கு எத்தனை கிலோ கழிப்பார்கள்? விதையை அவர் கடனாகத் தந்தால், வாடையில் அது போய்விட்டால் அந்தக் கடன் யாருடையது? நான்காவது கேள்விக்குப் பதில் எழுத்தில் வராதவரை அவருடைய விதையை வாங்காதீர்கள்.